பொலி என்று கத்தும் மாப்பிள்ளை

முர்ஷிதின் உடம்பில் அவன் சொல் கேட்கிறது என்று மிஞ்சியிருந்தது கழுத்துக்கு மேலே உள்ள ஒரு சாண்தான். அதற்குக் கீழே உள்ளதும் அவனுடையதுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் கை என்றால் கை அசையாது, கால் என்றால் கால் அசையாது. மூன்று வருடங்களுக்கு முன்பு, பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, வெட்டு மெசினை வயலிலேயே நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான். மஃரிபு நேரத்து மங்கலில், ஒலுவிலைத் தாண்டி, றோட்டின் நடுவே ஒரு எருமை படுத்திருந்தது. மோதிய பிறகு எருமை எழுந்து போய்விட்டது. இவன்தான் எழவில்லை.

அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. நஸ்லியாவைக் கலியாணம் முடித்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அவன் பிறந்தது பாலமுனையில், மாப்பிள்ளையாக வந்தது மருதமுனைக்கு. இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் எங்கேயும் போவதில்லை; மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வரவேண்டும். வந்த மாப்பிள்ளைக்கு மரியாதை பலமாக இருக்கும். மீனில் நடுத்துண்டு அவனுக்கு. பிளேன்டீயில் சீனி அவன் கணக்கு. பதிலுக்கு அவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: சத்தம் போடக்கூடாது. வந்த வீட்டில் குரலை உயர்த்துகிற மாப்பிள்ளையைப் பற்றி ஊர் பேசத் தொடங்கினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

அப்படிப்பட்ட வீட்டில், மருதமுனையிலேயே அதிகம் சத்தம் போடுகிற மாப்பிள்ளையாக முர்ஷித் ஆகிப்போனான். அந்தக் கூத்தைச் செய்தது பிரசாந்.

பிரசாந் கல்முனையில் போன், கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருந்தான். முர்ஷிதோடு ஒரே கிரிக்கெட் டீமில் விளையாடியவன். விபத்து நடந்த முதல் வருடம் வந்து கட்டிலருகே இருந்து பார்த்துவிட்டுப் போவான். இரண்டாம் வருடம் ஒருநாள் பழைய கம்பியூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கட்டிலுக்கு எதிரே மேசை போட்டு அதை வைத்தான். வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கிற மாதிரி ஒரு மைக்கை முர்ஷிதின் தலையில் மாட்டினான். ‘கையால அமத்துறத எல்லாம் இனி வாயால அமத்து’ என்றான்.

விசயம் இதுதான். விளையாட்டுக்குள்ளே ஒரு ஆள் நிற்பான். ‘முன்’ என்றால் அவன் முன்னுக்கு நடப்பான். ‘நில்’ என்றால் நிற்பான். ‘குனி’ என்றால் குனிவான். ‘சுடு’ என்றால் சுடுவான். முதன்முதலாக ‘முன்’ என்று சொல்லி, அந்த ஆள் காலெடுத்து வைத்ததைப் பார்த்தபோது முர்ஷித் அழுதுவிட்டான். சொல் கேட்கிற இரண்டு கால்களை அவன் ஒரு வருடமாகக் கண்டதில்லை.

வீட்டில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. நஸ்லியாவின் உம்மா சுபைறா, துப்பாக்கிக் காலம் முழுவதையும் இந்த ஊரில் இருந்து கண்டவள். மருமகனின் அறைக்குள்ளிருந்து ‘சுடு, சுடு’ என்று கேட்டதும் கையில் இருந்த சுளகைப் போட்டுவிட்டாள். மகளிடம் சொல்லியனுப்பினாள், வேறு என்ன சொல்லையாவது சொல்லட்டும், இந்தச் சொல் மட்டும் இந்த வீட்டில் வேண்டாம் என்று. பிரசாந் யோசித்தான். எந்தச் சொல்லை வைத்தாலும் கம்பியூட்டருக்கு ஒன்றுதானாம், பழகிக்கொண்டால் போதுமாம். முர்ஷித் ‘பொலி’ என்று வைக்கச் சொன்னான். களவெட்டியில் நெல்லை அள்ளும்போது நெல் பெருகவேண்டும் என்று சொல்கிற சொல். அதற்குப் பிறகு அந்த வீட்டில் துப்பாக்கி வெடித்தபோதெல்லாம் பரக்கத்து வரட்டும் என்று கேட்டது. சுபைறாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் சத்தம்? அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஃபேன் சத்தமும் கோழிச் சத்தமும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் உள்ளே புகுந்து குழப்பக்கூடாது என்று, உரத்த குரலுக்கு மட்டுமே வேலை செய்கிற மாதிரி பிரசாந் அதை வைத்திருந்தான். மெதுவாகச் சொன்னால் விளையாட்டுக்குள் நிற்பவன் மரம் மாதிரி நிற்பான். வயிற்றில் பலமில்லாத முர்ஷித், மூச்சை இழுத்துச் சேர்த்து, தொண்டையைக் கிழித்துக் கத்துவான். பகலெல்லாம் அந்த வீட்டிலிருந்து ‘முன்! நில்! குனி! பொலி!’ என்று கேட்கும். சமையலறையில் நிற்கிற நஸ்லியா அதைக் கேட்டே ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுவாள். ‘பொலி’ நிறைய விழுந்த நாளில் புருசனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போது அவளுக்கே முகம் மலர்ந்திருக்கும்.

அந்த விளையாட்டை ஐந்து பேர் ஒரு கட்சியாகச் சேர்ந்து விளையாடவேண்டும். முர்ஷிதுக்கு வாய்த்த மற்ற நாலு பேரும் நாட்டின் நாலு மூலையில் இருந்தார்கள். ஒருவன் காலியில், ஒருவன் மன்னாரில், மற்ற இருவர் எங்கே என்று அவனுக்கே தெரியாது. திரையில் எழுதித்தான் பேசிக்கொள்வார்கள். அவன் பக்கத்துச் செய்தியைத் தேவையானபோது பிரசாந் தட்டிவிடுவான். அவர்களுக்கு இவன் பெயர் பொலி. இவனுக்கு ஓடவராது, திடீரென்று திரும்பவராது. அதனால் ஒரு இடத்தில் பதுங்கி நின்று காவல் காக்கிற வேலையை எடுத்துக்கொண்டான். மற்ற நாலு பேரும் எதிரியை விரட்டிக்கொண்டு இவன் நிற்கிற வாசலுக்கு வருவார்கள். வந்ததும் ஒரு ‘பொலி’. அவ்வளவுதான். வயல் காவலுக்கு இருந்து பழகியவனுக்குக் காத்திருக்கச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? பொலி நிற்கிற வாசலால் ஒருவனும் தப்ப மாட்டான் என்று மற்றக் கட்சிக்காரர்களே எழுதினார்கள்.

அவன் படுத்த படுக்கை என்பது அந்த நாலு பேருக்கும் தெரியாது. அவன் சொல்லவில்லை, பிரசாந்தையும் சொல்லவிடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலிலேயே முகத்தை மாற்றிக்கொண்டு ‘பாவம்’ என்று வருகிறார்கள். அந்த நாலு பேர் மட்டும்தான் ‘ஏன்டா பிந்தி அடிச்சாய்’ என்று ஏசினார்கள். அந்த ஏச்சுக்காக அவன் பகலெல்லாம் தொண்டையைக் கிழிப்பான்.

மூன்று மாதம் விளையாடி, நாடு முழுவதுக்குமான போட்டியில் அவர்கள் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணி. அரை மணித்தியாலத்து ஆட்டம். ஐந்து பேரில் ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் இல்லை.

அதே வெள்ளிக்கிழமைதான் அம்ஹாவைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது.

அம்ஹா நஸ்லியாவின் தங்கை. இருபத்தாறு வயது. அவளுக்கு முன்பு இரண்டு இடம் வந்து போனது. இரண்டும் நின்றதற்குக் காரணம் யார் என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முர்ஷிதுக்கு யாரும் சொல்லவேண்டியும் இருக்கவில்லை. முதல் தரம் வந்த பெண்கள் இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைக் கையில் எடுத்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ‘பொலி! பொலி! பொலி!’ என்று கேட்டது. எடுத்ததை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளைக்கு உடம்போடு மூளையும் போய்விட்டதாம், பகலெல்லாம் கத்துகிறானாம் என்று ஊரில் கதை பரவியது. இரண்டாவது இடத்துக்காரர்கள் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வரவேயில்லை.

இப்போது வருகிறவர்கள் நிந்தவூர்க்காரர்கள். பையன் கட்டாரில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறான், மூன்று மாதத்தில் முழுதாக வந்துவிடுவான். வெள்ளிக்கிழமையை விட்டால் அவர்களுக்கு வேறு நாள் இல்லை. மாமனார் றவூப் மவுத்தாகிக் கண்மூடும்போது சின்ன மகளுக்கென்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் மட்டும்தான் போட்டிருந்தார். அதனால் இருக்கிற இந்த வீட்டையே நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாக்கி, முன்பக்கத்தை அம்ஹாவுக்குக் கொடுப்பதென்று நஸ்லியா சம்மதித்திருந்தாள். புதுமாப்பிள்ளை வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பான்.

சுபைறா பழைய ஆள். மருமகனுக்கு முன்னால் நேருக்கு நேர் நின்று பேசமாட்டாள். விபத்துக்குப் பிறகும், மகள் அவனைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றி முடித்த பிறகுதான் கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள். அன்றும் அப்படித்தான் நின்றாள்.

“மகன், வெள்ளிக்கிழம அசருக்குப் பொறகு ஆக்கள் வாறாங்க. அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் மட்டும்...” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. ஒரு மாப்பிள்ளையிடம் வாயை மூடு என்று எப்படிச் சொல்வது?

“ஓம் மாமி. அவங்க வந்த உடன நிப்பாட்டிர்றன்” என்றான் முர்ஷித்.

அன்று முழுக்க அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரசாந்தைக் கூப்பிட்டு நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னான். முடியாதாம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்து விளையாட விடுவோமா என்று பிரசாந் கேட்டான். அதற்கு நஸ்லியா ஒத்துக்கொள்ளவில்லை. பெண் கேட்டு வருகிற நாளில் மூத்த மாப்பிள்ளை வீட்டில் இல்லாவிட்டால் என்ன பேசுவார்கள்? படுக்கையில் விழுந்த மருமகனை வெளியே போட்டுவிட்டார்கள், நாளைக்கு நம்முடைய மகன் விழுந்தாலும் இதே கதிதான் என்பார்கள். அவன் வீட்டில் இருக்கவும் வேண்டும், குளித்துச் சுத்தமாக வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும் போட்டு வந்தவர்கள் கண்ணில் படவும் வேண்டும். சத்தம்தான் வரக்கூடாது. அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை. தறிச் சத்தத்தில் கரைந்துபோகும் என்று நம்பவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் தறி ஓடாது.

கடைசியில் அவன் ஒரே ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டான். கேட்டால் சிரிப்பீர்கள். பின்னேரத்து அசர்த் தொழுகைக்குப் பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு அசருக்குப் பிறகு வந்தவர்களை இந்தக் கரையில் யார் கண்டிருக்கிறார்கள்? பெண் பார்க்க வருகிறவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். உடுத்து, ஆளைச் சேர்த்து, வேன் பிடித்து, வழியில் பழம் வாங்கி, வந்து இறங்க மஃரிபு ஆகிவிடும். நஸ்லியாவைப் பார்க்க அவனுடைய உம்மாவும் சாச்சிமாரும் அப்படித்தான் வந்தார்கள். நாலரைக்குத் தொடங்கினால் ஐந்துக்கு முடிந்துவிடும். முழு ஆயுளையும் இந்த ஊர்களில் கழித்தவன் போட்ட கணக்கு அது. சுபைறாவும் அதே கணக்கைத்தான் போட்டாள். வட்டிலப்பத்தை நாலு மணிக்குத்தான் அடுப்பில் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நஸ்லியா அவனைக் குளிப்பாட்டினாள், சேர்ட்டைப் போட்டாள், தொப்பியை வைத்தாள், தொப்பிக்கு மேலே மைக்கையும் மாட்டினாள். அந்தக் கோலத்தைப் பார்த்து அவளே சிரித்தாள். நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது.

அப்படி ஒரு ஆட்டத்தை அவன் அதுவரைக்கும் விளையாடியதில்லை. தொண்டை சொன்னபடி கேட்டது. ‘முன்’, ‘முன்’, ‘நில்’, ‘குனி’. உடைந்த மதில் ஒன்றின் வாசலில் போய்ப் பதுங்கினான். முதல் எதிரி வந்தான். ‘பொலி!’ விழுந்தான். இரண்டாவது ஆள் வந்தான். ‘பொலி!’ சமையலறையில் நஸ்லியா எண்ணிக்கொண்டிருந்தாள். எதிர்க்கட்சியில் மூன்று பேர் மிச்சம். நாலு பேரும் அந்த மூன்று பேரையும் தெருத்தெருவாக விரட்டிக்கொண்டு, வழக்கம்போல, பொலியின் வாசலை நோக்கி வந்தார்கள்.

மணி நாலு ஐம்பது. கேற்றடியில் வேன் வந்து நின்றது.

நிந்தவூர்க்காரர்களுக்கு என்ன பிடித்ததோ! மகன் ஞாயிற்றுக்கிழமை பயணம், வேலை கிடக்கிறது என்று அசர் தொழுத கையோடு கிளம்பிவிட்டார்களாம். வட்டிலப்பம் இன்னும் அடுப்பில். அம்ஹா ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தாள். நஸ்லியா அறைக்குள் ஓடிவந்தாள். கம்பியூட்டரின் சத்தத்தை அணைத்தாள். கதவுச் சீலையை இழுத்து விட்டாள்.

“வந்துட்டாங்க” என்று குசுகுசுத்து, மைக்கைக் கழற்றக் கையை நீட்டினாள்.

“கிடக்கட்டும் நஸ்லியா. நான் வாயத் தொறக்க மாட்டன்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். வெளியே ஸலாம் சொல்கிற சத்தம் கேட்டதும் ஓடிப்போனாள்.

ஏன் கிடக்கட்டும் என்றான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வந்தவர்கள் விறாந்தையில் பத்து நிமிடம் நிற்கலாம், கிணற்றடியைப் பார்க்கப் போகலாம், அந்த இடைவெளியில் ஒரே ஒரு சொல். மூன்று சொல்கூட வேண்டாம். ஆனால் அவர்கள் எங்கேயும் போகவில்லை. நேரே ஹோலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அவன் தலைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சீலைதான் இருந்தது.

திரையில் ஒரு சத்தமும் இல்லாமல் அந்த மூன்று பேரும் வந்தார்கள். நேரே அவன் வாசலுக்குத்தான் வந்தார்கள். அவனுடைய ஆள் குனிந்தபடி இருந்தான். துப்பாக்கி சரியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்துச் சேர்த்தது முர்ஷிதின் நெஞ்சு. பழக்கம், கேட்காமலே செய்துவிட்டது. சொல் தொண்டைக்கு வந்து நின்றது. அவன் பல்லைக் கடித்தான்.

முதல் ஆள் அவனைக் கடந்து போனான். இரண்டாமவன் கடந்து போனான். மூன்றாமவன் நின்று, இது என்ன, ஒன்றும் செய்யாமல் ஒருவன் குனிந்திருக்கிறான் என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். திரையின் மூலையில் எழுத்துகள் வரத்தொடங்கின. பொலி, அடி. பொலி, எங்கே. பொலி, இருக்கிறாயா. மன்னார்க்காரன் நாலு தரம் கேட்டான். பிறகு ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியாக விழுந்த காலிக்காரன், ஆட்டத்தை விற்றுவிட்டாய் என்று எழுதினான்.

நான் விற்கவில்லை என்று சொல்ல முர்ஷிதுக்குக் கை இல்லை; பெண்கள் வருகிற வீடென்று பிரசாந்தும் அன்று வரவில்லை. வாய் இருந்தது. அதைத் திறக்கக்கூடாது. கண் நிறைந்து, மல்லாந்து கிடக்கிறவனுக்கு வடிகிற மாதிரி இரண்டு பக்கமும் காதுக்குள் வடிந்தது. துடைக்கவும் ஆள் இல்லை.

ஹோலில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. பையனின் உம்மா சபியா உம்மா நல்ல மனிசி என்பது குரலிலேயே தெரிந்தது. அம்ஹாவைப் பக்கத்தில் இருத்தி, என்ன படித்தாய், என்ன சமைப்பாய் என்று அன்பாகக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரல் சீலையைத் தாண்ட எவ்வளவு நேரம்?

“குறையா நினைச்சிராதீங்க கா. இந்த ஊட்டுல ஆரோ ஆம்புள பகலெல்லாம் கத்துறண்டு ஊருல கதைக்காங்க. எங்கட மகன் இஞ்சதானே வந்து இரிக்கப் போறாரு, அதான் கேக்கன்.”

சீலைக்கு இந்தப் பக்கம் முர்ஷித் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். மாமி சொல்லிவிடுவாள், அது ஒரு விளையாட்டு, பிள்ளைக்குக் கை இல்லை, குரலால் விளையாடுகிறார் என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தான். சொன்னால் அந்த மனிசிக்கு விளங்கும் என்றும் நினைத்தான்.

“அது பொய்க் கத” என்றாள் சுபைறா. “எங்கட மூத்த மருமகனுக்குக் கதையே நிண்டு போச்சி. மூணு வருசமா ஒரு சொல்லு இல்ல.”

சொன்ன வேகத்தில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கவேண்டும். ஆனால் வாயை விட்டு விழுந்ததை எடுத்து மறுபடி வாய்க்குள் போடவா முடியும்? இரண்டு இடம் கைவிட்டுப் போனவள். மூன்றாவது இடம் சிரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறது. அவள் பயந்துவிட்டாள், அவ்வளவுதான்.

சபியா உம்மா ‘யா அல்லாஹ்’ என்று நெஞ்சில் கை வைத்தாள். அப்படியென்றால் அந்தப் பிள்ளையைப் பார்க்காமல் போகக்கூடாது என்று எழுந்தாள். நோயாளியைப் பார்த்துப் போவது நன்மை. அதைத் தடுக்க எந்த வீட்டில் யாருக்கு வாய் வரும்? சீலை விலகியது. முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டபடி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் சுபைறாவும் நஸ்லியாவும் அம்ஹாவும் நின்றார்கள்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மகன்” என்றாள் சபியா உம்மா.

ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. தொட்டிலில் இருந்து பழகியது அது. பகையாளி சொன்னாலும் சொல்லவேண்டும். வஅலைக்குமுஸ்ஸலாம் என்ற பதில் முர்ஷிதின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயும் திறந்தது. அப்போதுதான் அம்ஹாவின் முகம் கண்ணில் பட்டது. மற்றக் காதில் இன்னும் தோடு இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான்.

சபியா உம்மா அந்தத் திறந்து மூடிய வாயைப் பார்த்தாள். காதுக்குள் வடிந்த கண்ணீரையும் பார்த்தாள். வாய்க்கு முன்னால் நின்ற மைக்கை ஏதோ டொக்டர் மாட்டிவிட்ட சாமான் என்று நினைத்திருக்கவேண்டும். அவளுக்கும் கண் கலங்கியது. அந்த இடத்திலேயே இரண்டு கையையும் ஏந்தினாள்.

“யா அல்லாஹ், இந்தப் புள்ளைக்கு நாவத் திருப்பிக் குடுப்பாயாக.”

கூட வந்த பெண்கள் எல்லாரும் ஆமீன் என்றார்கள். சுபைறாவும் ஆமீன் என்றாள். சொல்லாமல் இருக்க அவளுக்கு வழியில்லை. நஸ்லியா சொன்னாளா என்று முர்ஷித் கவனித்தான். அவள் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள்.

வட்டிலப்பம் வெந்து வந்தது. இந்த முறை எடுத்ததை யாரும் திருப்பி வைக்கவில்லை. போகிறபோது அம்ஹாவின் கழுத்தில் ஒரு மாலை போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று மாதத்தில் கலியாணம். அதற்குள் சுவர் எழும்பிவிட வேண்டும் என்று பேச்சு. வீடு நல்ல அமைதியான வீடு என்று வேனில் ஏறும்போது சபியா உம்மா சொன்னது முர்ஷிதின் அறைவரைக்கும் கேட்டது.

வேன் போன சத்தம் அடங்கியதும் சுபைறா உள்ளே வந்தாள். சீலைக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. கலியாணம் முடிந்த ஐந்து வருடத்தில் முதல் தரம், மருமகனுக்கு நேரே, முகம் தெரிய, கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள்.

“என்ட வாயில வந்திட்டு மகன்” என்றாள். “நினைச்சிச் சொல்லல்ல. ஏசுங்க. ஒரு சொல்லு ஏசிருங்க.”

முர்ஷித் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரை ஏசுவது? நேரத்துக்கு வந்த விருந்தாளியையா? பயந்துபோன ஒரு தாயையா? றோட்டில் படுத்திருந்த எருமையையா? மூன்று மாதத்தில் சுவர் எழும்பும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புது மாப்பிள்ளை வந்து இருப்பான். அவனுடைய உம்மாவும் சாச்சிமாரும் வந்து போவார்கள். ஒரு கல் சுவர், குரலைத் தடுக்குமா? இனி இந்த அறையில் ‘முன்’ என்பது கிடையாது, ‘நில்’ என்பது கிடையாது. தாகமாக இருக்கிறது என்றுகூட நஸ்லியாவின் காதில்தான் சொல்லவேண்டும். இது ஒரு நாளைக்கு, ஒரு மாதத்துக்கு என்றால் பரவாயில்லை. அம்ஹா இந்த வீட்டில் வாழ்கிற காலம் முழுக்க அவன் ஊமையாக இருக்கவேண்டும்.

அதை அவனுக்கு முன்பே அம்ஹா கணக்குப் பார்த்துவிட்டாள். கழுத்து மாலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் போனோடு வாசலில் வந்து நின்றாள்.

“மச்சான், நான் இப்பவே அவங்களுக்குப் போன் எடுத்துச் செல்லிர்றன். உம்மா பொய் செல்லிட்டா, மச்சான் நல்லாக் கதைப்பாரு எண்டு. கலியாணம் நிண்டா நிக்கட்டும். நீங்க ஒரு சொல்லுச் செல்லுங்க, எடுக்கன்.”

மூன்று பெண்களும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மைக் இன்னும் அந்த வாய்க்கு நேரேதான் இருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அம்ஹா சொன்னதைச் செய்துவிடுவாள்; செய்யக்கூடியவள்தான். நிந்தவூர்க்காரர்கள் மாலையைத் திருப்பிக் கேட்பார்கள். நாலாவது இடம் என்று ஒன்று வராது. அவன் இந்தக் கட்டிலில் கிடந்து ‘பொலி பொலி’ என்று கத்திக்கொண்டிருக்க, அவள் அடுத்த அறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நிறுத்துங்கள் என்று ஒரு நாளும் சொல்லமாட்டாள். அதுதான் அவனால் தாங்க முடியாதது.

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

அம்ஹா போனைக் கீழே இறக்கினாள். ‘வாயால செல்லுங்க மச்சான்’ என்று கெஞ்சினாள். அவன் மறுபடியும் தலையைத்தான் ஆட்டினான். சுபைறா விம்மிக்கொண்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் அம்ஹாவும் போனாள்.

பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்கு வாங்கு சொல்லத் தொடங்கினார்கள். நஸ்லியா கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்து, தலைப்பு நுனியால் அவனுடைய இரண்டு காதையும் துடைத்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். மைக்கைக் கழற்றப் போனவள், திரையைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டம் முடிந்து எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். முர்ஷிதின் ஆள் மட்டும் வெறும் மைதானத்தில், அடுத்த சொல்லை எதிர்பார்த்துக் குனிந்தபடியே இருந்தான்.

வாங்கு முடிந்ததும் முர்ஷித் வாயைத் திறந்தான். பேசாமல் கிடந்ததில் நாக்கு ஒட்டிப்போயிருந்தது.

“வஅலைக்குமுஸ்ஸலாம்” என்றான்.

மெல்லத்தான் சொன்னான். யாருக்குச் சொல்கிறீர்கள் என்று நஸ்லியா கேட்கவில்லை. மைக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.